நாரை வைத்தியரின் கைராசி முள்

காட்டுக் குளத்தங்கரையில் நாரை வைத்தியர் என்றால் அப்படி ஒரு பேர்! யானைக்கு முள் எடுப்பதும் எலிக்குக் கட்டி கீறுவதும் ஒரே முள்ளம்பன்றி முள்ளால்தான். அதைக் கழுவவே மாட்டார். கழுவினால் கைராசி போய்விடுமாம். காடும் அதை நம்பித் தலையாட்டியது.

காட்டுப்பன்றி பேச்சியும் முன்பு தலையாட்டியவள்தான். போன மழைக்காலத்தில் அவளுடைய மூத்த குட்டிக்குக் காலில் முள் தைத்தது. வைத்தியர் எடுத்துவிட்டார். மறுநாள் கால் வீங்கியது, காய்ச்சல் கண்டது, குட்டி செத்தே போனது. "எல்லாம் விதி" என்றார்கள். பாவம், அவளும் வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு அதையே நம்பினாள்.

அப்புறம் வைத்தியரிடம் முள் எடுத்துவந்த முயலுக்குக் கால் வீங்கியது. கீரிக்கும் வீங்கியது. விதிக்கு இந்தக் குளத்தங்கரையில் மட்டும் ஏன் இத்தனை வேலை என்று பேச்சி யோசிக்க ஆரம்பித்தாள்.

இன்று இளைய குட்டியின் காலில் முள். குட்டியோடு வந்து வரிசையில் நின்றாள். குரங்கின் சீழ்க்கட்டியைக் கீறிய வைத்தியர், முள்ளை இறக்கையில் ஒரு துடை துடைத்துவிட்டுத் திரும்பினார்.

"அடுத்து யாரு? காலை நீட்டு தம்பி!"

பேச்சி குட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். "வேற முள்ளு எடுங்க, வைத்தியரே!"

"என்னது! இது எங்க தாத்தா காலத்து முள்ளு. ராசியான முள்ளு!"

"முள்ளம்பன்றி உதிர்த்த முள்ளு காடெல்லாம் கிடக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்தா என்ன குறைஞ்சு போயிடும்?"

பின்னால் நின்ற நரி சிடுசிடுத்தது. "வைத்தியரையே எதிர்த்துப் பேசுறியா? இஷ்டமில்லன்னா கிளம்பு! எங்களுக்கு நேரமாகுது."

காட்டில் வேறு வைத்தியர் கிடையாது. ஆனாலும் பேச்சி அசையவில்லை.

"சரி, ராசியான முள்ளுதானே? உங்க கால்ல ஒரு குத்து குத்திக்குங்க. அப்புறம் என் பிள்ளை காலை நீட்டச் சொல்றேன்!"

வைத்தியர் முள்ளைப் பார்த்தார். நுனியில் குரங்கின் சீழ் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று ஒரு காலைத் தூக்கி வயிற்றோடு மடக்கிக்கொண்டார்! வரிசையே அதைப் பார்த்தது.

"உங்க காலுக்கு ஆகாதது எங்க பிள்ளைங்க காலுக்கு மட்டும் ஆகுமா?" பேச்சியின் குரல் உடைந்தது.

வைத்தியர் தலை குனிந்தபடி அந்த முள்ளை முறித்துக் குழியில் புதைத்தார். அலகைத் தேய்த்துக் கழுவினார். புது முள் ஒன்றைச் சுனைநீரில் அலசி எடுத்துவந்து குட்டியின் காலைப் பிடித்தார்.

"எனக்கும் புதுசுதானே?" என்று நரி எட்டிப் பார்த்தது.

குட்டியின் கால் வீங்கவில்லை. மறுநாளே சேற்றில் குதித்து விளையாடியது.

எவ்வளவு பேர் பெற்ற வைத்தியரானாலும், உயிரை நம்பி ஒப்படைக்கும் இடத்தில் சுத்தத்தைக் கேட்டு வாங்க ஒருபோதும் தயங்கக்கூடாது.