எட்டாவது கோட்டைக்குப் போன மாப்பிள்ளை

புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் முக்கால் கூடை கிடக்கிறது. கை பாட்டுக்கு எடுக்கட்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது, இப்படிக் கைவேலையோடு என்றால் வாகைக்குழி மாப்பிள்ளை கதையை முழுசாகச் சொல்லிவிடுவேன்.

வாகைக்குழியில் சித்திரவேலு என்று ஒரு பையன். நல்ல பையன். நில் என்றால் நிற்பான். உட்கார் என்று சொல்லும்வரை நின்றுகொண்டே இருப்பான். அவனுக்கு யோசனை சொல்ல மூன்று பேர். பெரியப்பா ஒண்டிமுத்து, சித்தப்பா மாடக்கண்ணு, தாய்மாமன் சடையப்பன். மூன்று பேரும் நன்றாக யோசித்துத்தான் எதையும் செய்வார்கள். அதுதான் சங்கடம்.

பக்கத்து ஊர் அமிர்தகனியோடு நிச்சயம் ஆயிற்று. அவள் தம்பி இளமாறனுக்குப் பழைய டிவி கேம் என்றால் பைத்தியம். அதில் ஓடிக் குதிக்கிற பொம்மையை எடுத்துவிட்டு, குட்டிக் குட்டிக் கட்டமாக அடுக்கிப் புதுப் பொம்மை வரைந்து வைப்பான். மாப்பிள்ளைக்கும் ஒரு கேசட் செய்து கொண்டுவந்தான். ஓடுகிற பொம்மை சித்திரவேலு, வேட்டியும் சதுர மீசையுமாக. கடைசிக் கோட்டையில் சிவப்புச் சேலை கட்டி நிற்பது அமிர்தகனி.

"மச்சான், எட்டாவது கோட்டையில அக்கா நிக்கிறா. முகூர்த்தத்துக்குள்ள போய்க் கூட்டிக்கிட்டு வந்துருங்க. இல்லாட்டி கல்யாணம் கிடையாது," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்.

சிரித்ததை யாரும் கவனிக்கவில்லை.

மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

"பொம்மைக்கு மூக்கைக் காணோமே," என்றார் சித்தப்பா.

"நம்ம பயலுக்கே மூக்கு கொஞ்சம் கம்மிதான்," என்றார் பெரியப்பா. "மீசைதான் ஒத்துவரல. பொண்ணு ஆள் மாத்திட்டா என்ன பண்றது?"

உடனே சித்திரவேலுவை உட்காரவைத்து, ஸ்கேல் வைத்து மீசையைச் சதுரமாக வெட்டினார்கள்.

மாமா ஒயர் வைத்த கேம் ரிமோட்டை எடுத்தார். பொம்மை நாலு எட்டு நடந்தது, பள்ளத்தில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் இட்லி தின்றுகொண்டிருந்த சித்திரவேலுவுக்குப் புரை ஏறிவிட்டது.

மூவரும் எழுந்து நின்றார்கள்.

"பார்த்தீங்களா," என்றார் மாமா. "அங்க விழுந்தா இங்க அடைக்குது. இவன் உசுரு ரிமோட்டுல இருக்கு."

"மூணு உசுருல ஒண்ணு போச்சுன்னு டிவியில எழுதியிருக்கான்," என்றார் சித்தப்பா.

"பரவாயில்ல. நமக்கெல்லாம் ஒண்ணுதான். இவனுக்கு இன்னும் ரெண்டு கிடக்கு," என்று பெரியப்பா தேற்றினார்.

அன்றிலிருந்து சித்திரவேலு தானாக ஓர் அடி எடுத்துவைக்கவில்லை. குளிக்கப் போக வேண்டுமானாலும், "மாமா, வலது பக்கம் கொஞ்சம் அமுத்துங்க," என்பான்.

பொம்மையைப் பள்ளம் தாண்டவைக்கப் பயந்துபோய், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இளமாறனுக்கு போன் போட்டார்கள். அவனுக்குப் பாவமாகிவிட்டது.

"ரகசிய வழி ஒண்ணு இருக்கு மாமா. எல்லாக் கோட்டையையும் தாண்ட வேண்டாம். மூணாவது பச்சைக் குழாய் மேல ஏறி நின்னு, கீழ் பட்டனை அமுத்துங்க. நேரா எட்டாவதுக்குக் கொண்டுபோய் விட்டுரும்."

அவன் சொன்னது டிவிக்குள் இருக்கிற குழாயை. இவர்கள் தெருவுக்குப் போனார்கள். மூன்றாவது தண்ணிக் குழாய் துருப்பிடித்துக் கிடந்தது. அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். ஒயர் எட்டாததால் டிவியையும் தூக்கிவந்து நடுத்தெருவில் வைத்தார்கள். பெயிண்ட் காய்வதற்குள் மாமா ரிமோட்டோடு குழாய் மேல் ஏறி நின்றார்.

தண்ணீர் பிடிக்க வந்த பெண் ஒருத்தி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, எங்க போறீங்க?"

"எட்டாவது கோட்டைக்கு, தங்கச்சி."

"அதுக்கு பஸ் விடலையா?"

"ரகசிய வழின்னு சொன்னானே, ஊரே பார்க்குதே!" என்று பதறிய சித்தப்பா, ஓடிப்போய்ப் போர்வை கொண்டுவந்து டிவியை மூடினார்.

"அப்ப நமக்கும் தெரியாதே?" என்றார் மாமா, குழாய் மேலிருந்து.

"நமக்கே தெரிஞ்சா அது என்ன ரகசியம்?" என்றார் பெரியப்பா. "கண்ணையும் மூடிக்க."

மாமா கண்ணை மூடினார். பெயிண்ட் வழுக்கியது. விழுந்த வேகத்தில் எல்லாப் பட்டனும் ஒரே நேரத்தில் அமுங்கின. போர்வையை விலக்கிப் பார்த்தால், பொம்மை எட்டாவது கோட்டையில், சிவப்புச் சேலைப் பக்கத்தில் நிற்கிறது. எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள், போர்வைக்குள் நடந்த விஷயம்.

மறுநாள் மண்டபத்துக்கு ரிமோட்டையும் கொண்டுபோனார்கள். அதன் ஒயரை மாப்பிள்ளையின் அரைஞாணில் முடிந்து, மாமா பின்னாலேயே நின்றார்.

ஐயர் தாலியை நீட்டினார். சித்திரவேலு அசையவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது. அமிர்தகனி தலையைக் குனிந்தபடியே கேட்டாள், "இவருக்கு என்ன, கை வராதா?"

"வரும் தாயி. பட்டன் அமுத்தணும்," என்றார் மாமா.

அமிர்தகனி ஒயரைப் பார்த்தாள். சதுர மீசையைப் பார்த்தாள். மேளக்காரரையும் பார்த்தாள், அவர் தவுலைத் தட்டத் தயாராகக் கையை ஓங்கியபடி இருந்தார்.

"அப்ப அமுத்தித் தொலைங்க. எனக்குப் பசிக்குது," என்றாள்.

மாமா மூன்று தரம் அமுத்தினார், மூன்று முடிச்சும் விழுந்தது. எல்லோரும் அரிசி போட்டார்கள்.

இனி அக்கினியைச் சுற்றி வர வேண்டும். மாமா சந்தோஷத்தில் பாயசம் குடித்த கையோடு வலது பட்டனை அமுத்தினார். பாயசத்தில் பட்டன் ஒட்டிக்கொண்டு எழும்பவேயில்லை. சித்திரவேலு அக்கினியைச் சுற்றினான், மேடையை விட்டு இறங்கினான், பந்தி நடுவே நடந்தான், வாசலையும் தாண்டினான். சேலை முந்தானையில் முடிச்சுப் போட்டிருந்ததால் அமிர்தகனியும் போனாள். ஒயரை விடக்கூடாதென்று மாமா ஓடினார். ஊர்வலம் கிளம்பிவிட்டது என்று மேளக்காரர்களும் பின்னால் வாசித்துக்கொண்டே ஓடினார்கள்.

"இடது பட்டனை அமுத்துய்யா!" என்று கத்தினார் சித்தப்பா.

"தாலி கட்டினவன் பின்னால திரும்பலாமா? அபசகுனம்," என்று பெரியப்பா தடுத்தார்.

"இப்படியே போனா என் வீடு எப்ப வரும்?" என்றாள் அமிர்தகனி.

"உலகம் உருண்டை தாயி," என்றார் பெரியப்பா, மூச்சு வாங்கிக்கொண்டே. "நேரா போய்க்கிட்டே இருந்தா பின்வாசல் வழியா வந்துரும்."

இப்படியே பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, ரைஸ் மில்லைத் தாண்டிப் போனால், எதிரே ஊர்க் கண்மாய், தண்ணீர் ததும்ப நிற்கிறது. ரெண்டு உசுருதான் பாக்கி, அதிலும் ஒன்றைப் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாமா என்று பெரியப்பாவும் சித்தப்பாவும் கரையிலேயே பஞ்சாயத்துப் பேச ஆரம்பித்தார்கள். மாமா குதிக்கிற பட்டனைப் பலங்கொண்ட மட்டும் அமுத்தினார். அமுத்தினதும் என்ன ஆச்சு தெரியுமா, மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்க, தவுலோடு அந்த மேளக்காரர் மட்டும் ஒரே தாவாக அக்கரையில் போய்... இதோ வந்துட்டேன் அத்தை, புள்ளை முழிச்சிட்டானா, தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டுங்க, நான் கையை மட்டும் கழுவிக்கிறேன். மிச்சக் கதை அப்புறம்.