குரல் நின்ற இடம்

பாளையங்கோட்டையில் தேவசகாயம் என்றொரு தமிழ் வாத்தியார். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர். நல்ல மனிதர், ஆனால் சந்தேகப் பிராணி. டீக்கடைக்காரர் ஒரு பிஸ்கட்டைச் சும்மா கொடுத்தால்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

பாடத்தை உரக்கப் படித்துக்காட்டும் கட்டற்ற மென்பொருள் ஒன்று அவர் பள்ளிக் கணினியில் இருந்தது. எவரோ சிலர் எழுதி, எல்லோருக்கும் பொதுவில் விட்டது. உரைநடையை ஒழுங்காகப் படிக்கும். செய்யுளுக்குள் போனால் பாதியில் ஊமையாகிவிடும். வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குச் செய்யுள் பரீட்சை.

கணினி விஷயங்களில் அவருக்குக் குரு, அதே பள்ளியில் கணினி சொல்லித்தரும் சபீனா. வயதில் மிகவும் சின்னவர். அவரிடம் போய்ப் புகார் சொன்னார். மென்பொருள்காரர்களுக்கு என்ன எழுதினீர்கள் என்று சபீனா கேட்டார். தேவசகாயம் காட்டினார்.

"வேலை செய்யவில்லை. தமிழ் என்பதால் வேண்டுமென்றே கெடுத்து வைத்திருக்கிறீர்கள்."

கீழே, அந்த மென்பொருளைப் பராமரிப்பவர் பணிவாகக் கேட்டிருந்தார்: என்ன செய்தீர்கள், எந்த இடத்தில் நின்றது, அந்தப் பாடத்தை அனுப்ப முடியுமா? தேவசகாயம் பதிலே போடவில்லை. முகம் தெரியாத ஆளுக்கு எங்கள் பாடம் எதற்கு என்பது அவர் கட்சி. அப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது.

சபீனா கணினியின் முன் அமர்ந்தார். விசைப்பலகையில் கைகளை வைத்தார். அசையவில்லை.

"என்ன பண்ணுதீங்க மேடம்?"

"நீங்க எழுதினதை அப்படியே செய்யப் பாக்கேன். இதுக்கு எந்த பட்டனை அழுத்தணும்?"

தேவசகாயத்துக்குச் சுருக்கென்றது. வேண்டாவெறுப்பாக ஒவ்வொன்றாகச் சொன்னார். சபீனா தன்னிடமிருந்த ஒரு கட்டுரையைத் திறந்தார். குரல் தங்குதடையின்றிப் படித்தது. இவரும் அந்த மென்பொருள்காரர்களோடு சேர்ந்த ஆளோ என்று வாத்தியார் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"உங்க பாடம் இருக்கா?"

வாத்தியார் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். பிறகு பென் டிரைவை எடுத்து, அவர் கையில் கொடுக்காமல், தானே செருகினார்.

செய்யுளின் மூன்றாவது அடியில் குரல் நின்றது. மறுபடி போட்டார்கள். அதே இடத்தில் நின்றது.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்லா" என்றார் தேவசகாயம். ஜெயித்த சந்தோஷம் அவருக்கு.

"கோளாறு இருக்கத்தான் செய்யுது. இப்போ பாத்ததை மட்டும் எழுதுங்க."

எழுதினார். அழுத்தியது, கேட்டது, நின்ற அடி. பாடத்தையும் இணைத்தார். கெடுத்தது யார் என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுத்தது. சேர்க்கவில்லை. அனுப்பினார்.

அனுப்பியதும்தான் பிள்ளைகளின் ஞாபகம் வந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிருவாரா மேடம்?"

சபீனா பென் டிரைவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"போன மாசம் கேட்டிருந்தீங்கன்னா, பண்ணிருவாருன்னு சொல்லிருப்பேன் சார்."