நாளைக்கு வந்திருக்காரு

அரசர்கள் பெருவழி போட்டு, அதில் போகிற மாட்டு வண்டிகளிடம் சுங்கம் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆவரங்குடி என்று ஒரு சிற்றூர். அங்கே திருமேனி என்று ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரர் இருந்தார். கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் யாருக்காவது அவரைப் போல ஓர் ஆளைத் தெரிந்திருந்தால், பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். கதையைக் கேளுங்கள்.

திருமேனி கெட்டவர் அல்லர். குடிக்கமாட்டார். சூதாடமாட்டார். பொய்ச்சாட்சி சொல்லமாட்டார். ஆனால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைவீதியில் எதை வாங்கினாலும், "நாளைக்குத் தர்றேன்" என்பார். மடியில் காசு இருக்கும். இருந்தாலும் நாளைக்குத்தான். அந்த நாளை வந்து சேர மாதங்கள் ஆகும், சில சமயம் வருஷமே திரும்பிவிடும். யாராவது வாய்விட்டுக் கேட்டால், "நான் என்ன ஊரை விட்டு ஓடியா போயிடப்போறேன்?" என்று சிரிப்பார். கேட்டவரும் வேறு வழியில்லாமல் கூடச் சிரித்துவைப்பார்.

ஓரிடத்தில் மட்டும் அவர் நாளைக்கு என்று சொன்னதே இல்லை. வீடுகளை அடமானம் பிடித்துக் கடன் கொடுக்கும் உமையாள் ஆச்சியிடம் அவர் தம் வீட்டை வைத்திருந்தார். தவணை நாள் வந்தால் பொழுது விடியுமுன் ஆச்சி வீட்டு வாசலில் நிற்பார். தவறினால் வீடு போய்விடுமே! பானை செய்கிறவரால் வீட்டைப் பிடுங்க முடியுமா? முடியாது. அதனால் பானைக்காரர் காத்திருக்கலாம்.

அப்படி இருக்கையில் ஒரு பொல்லாத கோடை வந்தது. திருமேனியின் கிணறு வற்றிப்போனது. வெற்றிலைக்கொடி செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை மாதிரி, ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் முகம் வாடிவிடும். கிணற்றை ஆழப்படுத்தலாம் என்றால் அடியில் பாறை. கல் உடைக்கிறவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கூலி மொத்தத்தையும் முன்னாடியே வெச்சாத்தான் கடப்பாரையைத் தொடுவோம்" என்றார்கள்.

"எல்லார்கிட்டயும் இப்படித்தான் கேப்பீங்களா?" என்றார் திருமேனி.

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திருமேனிக்கு அப்போதும் கவலை வரவில்லை. அரசர் போட்ட பெருவழி அவர் வாசலை ஒட்டித்தான் போனது. அதனால் வீட்டின் விலை இரண்டு மடங்காகியிருந்தது. பழைய கடனிலோ பாதிக்கு மேல் அடைத்தாயிற்று. அதே வீட்டின் பேரில் மேற்கடன் கேட்டால் ஆச்சி கையை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்! வெளுத்த வேட்டியை உடுத்திக்கொண்டு கிளம்பினார். "தண்ணி வந்துரும், கவலைப்படாதே" என்று மனைவி சீலாயியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"வீடு விலை ஏறியிருக்கு, சரி. வீட்டுக்காரர் ஏறியிருக்காரா?"

"உங்ககிட்ட ஒரு தவணையாவது தவறியிருக்கேனா ஆச்சி?"

"இல்லை. என்கிட்ட உங்களுக்குப் பயம் இருக்கு. பயம் இல்லாத இடத்துல எப்படி இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும். கடைவீதிக்குப் போங்க. ஒரு பானை, ஒரு படி எண்ணெய், ஒரு கூடை. என் பேரைச் சொல்லக் கூடாது. காசும் குடுக்கக் கூடாது. 'நாளைக்குத் தர்றேன்'னு உங்க சொல்லை மட்டும் குடுத்து வாங்கிட்டு வாங்க. மேற்கடனை இன்னைக்கே தர்றேன்."

இவ்வளவுதானா என்று திருமேனிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நாளைக்கு என்று சொல்ல அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன?

முதலில் பானைக்காரர் வேளானிடம் போனார். சூளையிலிருந்து எடுத்த பானைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"ஒரு பானை குடு. நாளைக்குத் தர்றேன்."

வேளான் அடுக்கை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாம் ஓட்டைங்க" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

"அத்தனையுமா?"

"அத்தனையும்தாங்க. நீங்க போனப்புறம் அடைச்சிருவேன்."

திருமேனிக்குக் காது சூடேறியது. எண்ணெய்க் கடைக்கு நடந்தார். கடைக்காரர் பேச்சியப்பன் கல்லாவில் இருந்தார். செக்கடியிலிருந்து அவர் மனைவி, "யாருங்க வந்திருக்கா?" என்று கேட்டது தெருவுக்கே கேட்டது. பேச்சியப்பன் பழக்க தோஷத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் குரல் கொடுத்தார்.

"நாளைக்கு வந்திருக்காரு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடையில் நின்றிருந்தவர்கள் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்போதுதான் திருமேனிக்குப் புரிந்தது. அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் இந்த வீதியில் இல்லை. எத்தனை காலமாகவோ அவர் பெயர் நாளைக்கு. அவருக்கு மட்டும்தான் அது தெரியாது.

எண்ணெய் கேட்க வாய் வரவில்லை. கூடை முடைகிற மூக்காயியிடம் போய் நின்றார். அவளிடம்தான் வெற்றிலைக் கூடைகளுக்கு நெடுநாள் பாக்கி.

"ஒரு கூடை வேணும், மூக்காயி. நாளைக்கு..."

முடிக்க முடியவில்லை. மூக்காயி நிமிர்ந்து பார்த்தாள். அவள் மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு வேப்பங்குச்சி செருகியிருந்தது.

"மூக்குத்தி எங்கே?"

"வித்துட்டேங்க. உங்க பாக்கி வரும் வரும்னு பாத்தேன். மூங்கில் வாங்கணும்ல? துளை மூடிரக் கூடாதுன்னு குச்சி போட்டிருக்கேன்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரவில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னாள். "கூடை இல்லைங்க" என்று மறுபடி குனிந்து முடையத் தொடங்கினாள்.

திருமேனி வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனார். மடியில் கொஞ்சம் காசு இருந்தது. மூக்காயியின் பாக்கிக்கு அது சரியாக இருக்கும். கொடுத்திருக்கலாம். நீங்களும் நானும் அந்த இடத்தில் கொடுத்திருப்போம் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் திருமேனியின் கண்ணில் வாடுகிற கொடிக்கால் நின்றது. அவர் அந்தக் காசிலிருந்து ஒரு கூடைக்கு மட்டும் விலையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பழைய பாக்கியைப் பற்றிப் பேசவில்லை. திரும்பிப் போய் எண்ணெய்க்கும் காசு வைத்தார், பானைக்கும் வைத்தார். காசைக் கண்டதும் வேளானின் பானைகளில் ஓட்டையெல்லாம் தானாக அடைபட்டுவிட்டது.

மூன்றையும் ஆச்சி முன்னால் இறக்கினார்.

"சொல்லைக் குடுத்து வாங்கினதுதானே?"

"ஆமா ஆச்சி."

பொய்ச்சாட்சி சொல்லாத மனிதர் என்று சொன்னேன் அல்லவா? அதுவும் அன்றோடு போயிற்று.

அவர் வாயை மூடுவதற்குள் வாசலில் ஆரவாரம். பேச்சியப்பன் மூச்சிரைக்க உள்ளே வந்தார். திருமேனி ஆச்சி வீட்டுத் திசையில் போனதைப் பார்த்துவிட்டுத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஆச்சி, அதிசயத்தைக் கேட்டீங்களா? நாளைக்கு இன்னைக்கே காசு குடுத்துட்டாரு!"

பின்னாலேயே வேளான். அவருக்குப் பின்னால், உள்ளே வரத் தயங்கிக்கொண்டு, வேப்பங்குச்சியோடு மூக்காயி. திருமேனிக்கு ஏதோ பணம் வந்துவிட்டது, இனி பழைய பாக்கியெல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பி வந்திருந்தார்கள். மூன்று பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத்தான் திருமேனியால் தாங்க முடியவில்லை. அவர்கள் திட்டியிருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பார்.

ஆச்சி எண்ணெயைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். கடைசியாகத் திருமேனியைப் பார்த்தார்.

"வீடு நல்ல வீடு" என்றார் மெதுவாக. "ஆனா மேற்கடன் இல்லை. போயிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து சீலாயியிடம் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் கொண்டுவந்த பானையை அவள் வாங்கி மூலையில் வைத்தாள். பிறகு, "ஆத்துத்துறைக்கு நான் போனா பேசிக்கிட்டிருக்கிற பொம்பளைங்க பேச்சை நிறுத்திருவாங்க. ஏன்னு இத்தனை நாளாத் தெரியலை" என்றாள். அந்த ஒரு வார்த்தை திருமேனியைக் கொன்றுவிட்டது.

மறுநாள் அவர் காதில் கடுக்கன் இல்லை. விற்ற பணத்தோடு முதலில் மூக்காயி வீட்டுக்குப் போய்ப் பாக்கியை வைத்தார். மூக்குத்தியை மீட்டுத் தருகிறேன் என்று சொல்ல நினைத்தார். ஆனால் தருகிறேன் என்ற சொல் அவர் வாயிலேயே கசந்தது. அவள் காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு வேளான், பேச்சியப்பன், கல் உடைக்கிறவர்கள். ஆம், அவர்களுக்கும் பழைய கூலி பாக்கி இருந்தது. எல்லாம் தீர்த்தபின் மடி காலியாகிவிட்டது.

தண்ணீருக்கு என்ன செய்தார்? ஆற்றில் ஊற்றுத் தோண்டி, வேளான் ஓட்டை என்று சொன்ன அந்தப் பானையிலேயே அவரும் சீலாயியும் சுமந்தார்கள். இரண்டு பேர் சுமந்து எத்தனை கொடி நனையும்? பாதிக் கொடிக்கால் அவர்கள் கண் முன்னாலேயே கருகியது.

வருஷம் ஒன்று ஓடியது. பிழைத்த கொடிகளில் வெற்றிலை கிள்ளி, கூடை வாங்க வந்தார் திருமேனி. மடியைத் தடவினால் காசை வீட்டிலேயே மறந்து வந்திருந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. நாளைக்கு என்று சொல்லாமல் திரும்பி நடந்தார்.

"எங்கே போறீங்க திருமேனி அண்ணே?" என்று மூக்காயி கூப்பிட்டாள். "கூடையை எடுத்துட்டுப் போங்க. நாளைக்குக் குடுத்தாப் போதும்."

அவள் மூக்கில் அந்த வேப்பங்குச்சி இன்னும் இருந்தது. திருமேனியால் தலைநிமிர முடியவில்லை. கூடையைத் தொடாமல் வீடு வரை வேகுவேகென்று நடந்து, காசை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்த பிறகுதான் கூடையைத் தூக்கினார்.

மூக்காயி தானாகவே கடனுக்குக் கூடை நீட்டிய சேதி ஆச்சி காதுக்கும் எட்டியது. அடுத்த வாரம் உமையாள் ஆச்சி ஆள் அனுப்பினார். அதே வீடு, அதே பத்திரம், கேட்ட மேற்கடன். கிணறு ஆழமானது, தண்ணீரும் வந்தது. கருகிய கொடி மட்டும் கருகியதுதான்.

ஆகையால் கேட்டவர்களே, பெரியவருக்குப் பயந்து கட்டுகிற தவணையை வைத்து அல்ல, நம்மை ஒன்றும் செய்ய முடியாத எளியவரிடம் காப்பாற்றுகிற சொல்லை வைத்தே ஒருவருடைய நாணயம் அளக்கப்படும்.