ஆவாரம்பூ மாலை யாருக்கு?

கொடுக்காப்புளிக் காட்டின் நடுவில் ஒரு பெரிய குளம். கோடை வந்தால் குளம் வற்றிவிடும். தண்ணீர் வற்றினால் மிருகங்கள் அழுமா? அதுதான் இல்லை! குதிக்கும்! ஏனென்றால் காய்ந்த குளத்துத் தரைதான் அந்தக் காட்டுக்குப் பந்தாட்ட மைதானம்.

பந்து என்றால் ஒரு பனங்காய். கீழ்க்கரை மிருகங்கள் ஒரு கட்சி. மேல்கரை மிருகங்கள் ஒரு கட்சி. மழை விழுந்து குளத்தில் தண்ணீர் ஏறும்வரை உதையோ உதை!

கோல் போட்டவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவது எங்கும் உள்ளதுதான். ஆனால் இந்தக் காடு தடுத்தவனைக் கொண்டாடியது. கடைசி ஆட்டம் முடிந்ததும், அந்தக் கோடையின் சிறந்த தடுப்பாளனுக்கு ஆவாரம்பூ மாலை போடுவார்கள். அது யாருக்கு என்று ஆடியவர்கள் வாயே திறக்கக் கூடாது. பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். கீழ்க்கரையின் மூத்த ரசிகரும் மேல்கரையின் மூத்த ரசிகரும் ஒரே பெயரைச் சொன்னால் மாலை உண்டு. ஆளுக்கொரு பெயர் சொன்னால் மாலை யாருக்கும் கிடையாது. முயல் தின்றுவிட்டுப் போகும்!

கீழ்க்கரையின் மூத்த ரசிகர் காரிக்கொம்பன் என்ற எருமை. மேல்கரையின் மூத்த ரசிகர் நெட்டைக்காலன் என்ற கொக்கு. எதிரெதிர்க் கட்சிதான். ஆனால் கொக்கு உட்காருவது எருமையின் முதுகில்! கன்றுக்குட்டிக் காலத்திலிருந்து அப்படித்தான். காரிக்கொம்பனுக்கு முதுகில் அந்தக் குச்சிக்கால்கள் குத்தாவிட்டால் ஆட்டம் பார்த்த மாதிரியே இருக்காது.

ஒரு ரகசியம் சொல்கிறேன். காரிக்கொம்பனுக்கு இரண்டு கோடையாகக் கண் தெரியவில்லை. வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். இது நெட்டைக்காலன் ஒருவனுக்குத்தான் தெரியும். வெளியே தெரிந்தால் மூத்த ரசிகர் பதவி போய்விடுமே! கண் தெரியாதவன் மாலைக்குப் பெயர் சொல்ல முடியுமா? அதனால் கொக்கு ஒரு வேலை செய்தது. கூட்டத்தைவிட்டுத் தள்ளி, குளத்தின் தென்மூலைக்கு எருமையை அழைத்துப் போய்விடும். முதுகில் உட்கார்ந்தபடி ஆட்டத்தைக் காதோடு காதாகச் சொல்லும்.

“மாப்ளே, நம்ம கோரையன் என்ன பண்றான்?” இதுதான் எருமையின் முதல் கேள்வி. கடைசிக் கேள்வியும் அதுதான்.

கோரையன் கீழ்க்கரைக் காட்டுப்பன்றி. ஒரு காலத்தில் அவனைத் தாண்டிப் பந்து போனதாகச் சரித்திரமே கிடையாது. காரிக்கொம்பனுக்கு அவன் பெயரைக் கேட்டாலே வால் தானாக ஆடும்.

“அடேயப்பா மச்சான்! வேப்பமரத்தோரம் பாய்ஞ்சான் பாரு! மான் திகைச்சு நிக்குது!” என்று கொக்கு சொல்லும்.

“அப்படிப் போடு! இன்னும் அதே பாய்ச்சல்!” என்று எருமை பூரித்துப் போகும்.

அந்தக் கோடையும் முடிகிற நேரம் வந்தது. வானம் கறுத்தது. நாளைக்குக் கடைசி ஆட்டம். சாயங்காலம் இரண்டு பேரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“மாப்ளே, நாளைக்கு யார் பேரைச் சொல்றோம்? கோரையன்தானே?” என்றது எருமை.

கொக்கு அலகால் சிறகைக் கோதிக்கொண்டது.

“என்னடா, தூங்கிட்டியா?”

“மச்சான், இந்த வருஷம் சிலுப்பன் பேரைச் சொல்லலாம்னு நினைக்கிறேன்” என்றது கொக்கு மெதுவாக.

சிலுப்பன் மேல்கரை முள்ளம்பன்றி. நேற்று முளைத்த பையன்.

எருமை நடுப்பாதையில் நின்றுவிட்டது.

“யாரு? அந்த முள்ளுமூட்டையா? அவன் என்னடா தடுத்தான்? அவன் பந்தைத் தொட்டதா நீ ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே!”

“அதான் மச்சான் விஷயமே! அவன் நிக்கிற பக்கம் ஒருத்தனும் வர்றதில்லை. உங்க கீழ்க்கரை கோடை முழுக்க வலது பக்கமே போய் முட்டிக்கிட்டு நிக்குது. பாதி மைதானத்தை ஒருத்தனே மூடி வச்சிருக்கான்!”

“முள்ளைப் பார்த்துப் பயந்துட்டானுங்க! அதுக்குப் பேர் தடுப்பா?”

“முள்ளு அவன் பாட்டனுக்கும்தான் இருந்தது. அவன்கிட்ட பயந்தாங்களா? இந்தப் பையன் பந்து வர்ற இடத்துக்கு முன்னாடியே போய் நிக்கிறான். அதான் யாரும் வர்றதில்லை!”

“பாய்ஞ்சு தடுக்கிறவன் தடுப்பாளனா, சும்மா நிக்கிறவன் தடுப்பாளனா?”

“பாய வேண்டிய அவசியமே வராம பார்த்துக்கிறவன்தான் மச்சான் தடுப்பாளன்!”

எருமைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“அப்போ கோரையன்? வேப்பமரத்தோரம் பாய்ஞ்சானே! நரியோட காலுக்கடியில இருந்து பந்தை உருவினானே! மூக்கால தள்ளிக் கோலைக் காப்பாத்தினானே! எல்லாம் நீ சொன்னதுதானே? உன் வாயால சொன்னதுதானே? பொய்யா சொன்னே?”

கொக்கு கால் மாற்றி நின்றது.

“சொல்லுடா! பொய்யா?”

“இல்லை மச்சான். கோரையன் அத்தனையும் செஞ்சவன்தான்.”

“பின்னே ஏன் அவனுக்கு மாலை இல்லைங்கிறே? இப்பத்தான் புரியுது! சிலுப்பன் உங்க கரை! எத்தனை வருஷம் என் முதுகில உட்கார்ந்தாலும் மேல்கரைக்காரன் மேல்கரைக்காரன்தான்! இறங்குடா கீழே!”

கொக்குக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் வாதம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. குச்சிக்கால்கள் முதுகைவிட்டு எழுந்தன. சிறகுச் சத்தம் மேல்கரைப் பக்கம் போய் மறைந்தது.

மறுநாள் கடைசி ஆட்டம். காரிக்கொம்பன் தனியாகக் கிளம்பியது. போகிற வழியில் ஒரு புற்றை இடித்தது. ஒரு முட்புதருக்குள் தலையைவிட்டது. “நெட்டைக்காலன் இல்லாவிட்டால் எனக்கு ஆட்டம் பார்க்கத் தெரியாதா?” என்று முணுமுணுத்தபடியே நடந்தது. தென்மூலை எது என்று தெரியவில்லை. சத்தத்தை வைத்துக்கொண்டு போய்க் கூட்டத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது!

ஆட்டம் தொடங்கியது. சுற்றிலும் ஒரே கூச்சல். “போடு! விடாதே! ஐயோ போச்சே!” என்கிறார்கள். என்ன போச்சு? யார் போட்டான்? ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் கைதட்டினால் எருமையும் கொஞ்சம் தாமதமாகத் தலையை ஆட்டியது. அப்படி நிற்பது அதற்கே வெட்கமாக இருந்தது.

பக்கத்துக் கிளையில் கிச்சான் என்ற குரங்கு உட்கார்ந்திருந்தது. எருமை தன் குட்டு வெளிப்படாமல் மெல்லப் பேச்சுக் கொடுத்தது.

“கிச்சான், நம்ம கோரையன் ஆட்டத்தைப் பத்தி நீ என்ன நினைக்கிறே?”

“எந்தக் கோரையன்? பன்றிக் கோரையனா? என்ன பெரியவரே கிண்டலா! அவன்தான் உங்க எதிரிலேயே உட்கார்ந்து ஈ ஓட்டிக்கிட்டு இருக்கானே! போன கோடை ஆரம்பத்துலயே முழங்கால் பிசகினதுல இருந்து மைதானத்துல இறங்கவே இல்லையே!”

எருமைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அப்போ... வேப்பமரத்தோரம் பாய்ஞ்சது?”

“வேப்பமரமா? அதுதான் போன வருஷமே காத்துல சாய்ஞ்சு போச்சே! இப்போ அங்கே வெறும் மொட்டைத் தரைதான்.”

காரிக்கொம்பன் அப்படியே நின்றது. காதில் விழுந்த கூச்சல் எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

அந்தப் பாய்ச்சலை அது தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறது! பெரிய பஞ்ச வருஷம் அது. குளத்துத் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வேப்பமரம் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. இளவட்டமான கோரையன் புழுதி பறக்கப் பாய்ந்தான். காரிக்கொம்பன் குதித்த குதியில் நெட்டைக்காலன் முதுகிலிருந்து உருண்டு விழுந்தான்! அப்போது அவன் தலையில் பழுப்பு நிறத்தில் புதுத்தூவி முளைத்திருந்தது. விழுந்தவன் எழுந்து, தூவியெல்லாம் புழுதியோடு, “பார்த்தியா மச்சான்! பார்த்தியா!” என்று கத்தினான். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் படுத்துவிட்டார்கள்.

நரியின் காலடியில் உருவிய பந்து? அது அதற்கு அடுத்த கோடை. மூக்கால் தள்ளிக் காப்பாற்றிய கோல்? அன்றைக்கு ஆலங்கட்டி மழை பெய்தது. கொக்கு எருமையின் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொண்டு ஆட்டம் பார்த்தது. எல்லாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்த்த பழைய ஆட்டங்கள்!

இந்த இரண்டு கோடையும் கொக்கு அந்த ஆட்டங்களைத்தான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லியிருக்கிறது. கோரையன் உட்கார்ந்துவிட்டான் என்று சொன்னால் கண்ணும் போன நண்பன் தாங்க மாட்டான் என்று, இருந்த நல்ல நாட்களையெல்லாம் திரும்ப ஓட்டிக் காட்டியிருக்கிறது!

“அதையே ஆதாரமாக் காட்டி அவனையே மடக்கினேனே! பாவி, ‘கண்ணில்லாத உனக்கு என்னடா தெரியும்’னு அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! கேட்கலையே!” எருமை தனக்குள் புலம்பியது. தெரியாத கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் ஒழுங்காக வந்தது.

அதற்குள் ஆட்டம் முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்கிறீர்களா? மேல்கரைதான். எருமை அதைக் காதில்கூட வாங்கவில்லை.

நடுவரான யானையம்மா துதிக்கையில் ஆவாரம்பூ மாலையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள்.

“மூத்த ரசிகர்கள் முன்னால வாங்க! மழை வந்துட்டு இருக்கு, சீக்கிரம் பேரைச் சொல்லுங்க!”

மேல்கரைப் பக்கமிருந்து கொக்கு வந்தது. இன்று அது எருமையின் முதுகில் இறங்கவில்லை. தள்ளித் தரையில் நின்றது. கூட்டத்தில் குசுகுசுப்பு எழுந்தது. “ரெண்டு பேருக்கும் சண்டையாம்! இந்த வருஷம் மாலை முயலுக்குத்தான்!”

“கீழ்க்கரை முதல்ல சொல்லட்டும்” என்றாள் யானையம்மா.

காரிக்கொம்பன் தலையை நிமிர்த்தியது.

“அம்மா, நான் பேர் சொல்ல முடியாது. எனக்குக் கண் தெரியாது!”

மொத்தக் கூட்டமும் எருமைப் பக்கம் திரும்பியது. கிச்சான் கிளையிலிருந்து நழுவி விழப் பார்த்தது.

“ரெண்டு கோடையாவே தெரியாது. பதவி போயிடும்னு மறைச்சேன். என்னோட கண்ணு அதோ நிக்குதே, நெட்டைக்காலன், அவன்தான். அவன் எனக்காகப் பார்த்தான். எனக்காகச் சொன்னான். நேத்து அவன் சிலுப்பன் பேரைச் சொன்னப்போ, கட்சி பார்க்கிறான்னு திட்டி முதுகை விட்டு இறக்கிட்டேன். தப்பு என்னோடது. கோடை முழுக்க ஆட்டத்தைப் பார்த்தவன் அவன். அவன் சொல்ற பேர்தான் கீழ்க்கரையோட பேரும்!”

கொக்கு எருமையின் பக்கம் ஓரடி வைத்தது.

“சிலுப்பன்” என்றது.

முதலில் உறுமி ஆரவாரம் செய்தது யார் தெரியுமா? கோரையன்! ஓரத்தில் உட்கார்ந்திருந்த கிழட்டுப்பன்றி நொண்டி நொண்டி எழுந்து வந்தது.

“சரியான ஆளைத்தான் சொன்னீங்க! நான் இந்தப் பையனைக் கோடை முழுக்கக் கண்கொட்டாம பார்த்தேன். என் காலம் முழுக்கப் பாய்ஞ்சு பாய்ஞ்சுதான் முட்டியை உடைச்சுக்கிட்டேன். இவன் நின்னே காரியத்தை முடிச்சுட்டானே!” என்று சொல்லிவிட்டு எருமையிடம் திரும்பியது. “காரி, நீ கிச்சான்கிட்ட கேட்டது என் காதுலயும் விழுந்தது, என்னை இன்னும் நெனைச்சுட்டு இருக்கியே! எனக்கு அது போதும்ப்பா.”

“அப்போ ரெண்டு கரைக்கும் ஒரே பேர்தான்!” என்று யானையம்மா சிலுப்பனுக்கு மாலை போட்டாள். பாவம், அவன் கூச்சத்தில் முள்ளைச் சிலிர்த்துவிட்டான். மாலை அறுந்து பூவெல்லாம் முள்ளுக்கு ஒன்றாகக் குத்திக்கொண்டது. காடே சிரித்தது.

ஆனால் வழக்கம் வழக்கம்தானே! கீழ்க்கரை மூத்த ரசிகர் பதவி அன்றே ஒரு மயிலுக்குப் போய்விட்டது. காரிக்கொம்பன் கூட்டத்தைவிட்டு நடந்தது. முதல் தூறல் விழுந்தது. அப்போது முதுகில் குச்சிக்கால்கள் வந்து இறங்கின.

“எதுக்குடா வந்தே? இனிமே நான் மூத்த ரசிகன் இல்லை. வெறும் குருட்டு எருமை.”

“நான் என்னிக்குடா மூத்த ரசிகன் முதுகில உட்கார்ந்தேன்? உன் முதுகிலதான் உட்கார்ந்தேன்! கொஞ்சம் இடது பக்கம் போ, முன்னால புற்று இருக்கு.”

எருமை இடது பக்கம் ஒதுங்கியது.

“மாப்ளே, அடுத்த கோடையில இருந்து உள்ளதை உள்ளபடி சொல்லு.”

“உள்ளதைச் சொன்னா உனக்கு ஆட்டம் பிடிக்காதே மச்சான்! நீ கோபப்படுவே!”

“கோபப்படுவேன். திட்டுவேன். ஆனா முதுகைவிட்டு இறங்குன்னு மட்டும் சொல்ல மாட்டேன்.”

கொக்கு சிறகைத் தட்டிக்கொண்டது. “சரி. உள்ளது என்னன்னா, இன்னிக்கு உங்க கீழ்க்கரை ஆடினது மகா மட்டம்!”

“போடா! நடுவர் உங்க பக்கம் சாய்ஞ்சிருப்பா!” என்று எருமை சண்டைக்குத் தயாரானது. மழை வலுத்தது. இரண்டு பேரும் கத்திக்கொண்டே போனார்கள்.

வாதத்தில் ஜெயிப்பதைவிட, கூட உட்கார்ந்து வாதாட ஒருவன் இருப்பதுதான் பெரிது.