மைனா கேட்ட கூலி

ஓடை வற்றி, எறும்புகள்கூட ஈரம் தேடி இடம் மாறிக்கொண்டிருந்த ஒரு காட்டில், ஒரு மைனா இருந்தது. பட்ட மரப் பொந்தில் அதற்குக் குஞ்சுகள். விடிந்ததும் வாயைத் திறந்தால் பொழுது சாயும்வரை மூடாத குஞ்சுகள்.

அந்த மைனாவின் குரலுக்குக் காட்டில் ஒரு மரியாதை உண்டு, பிள்ளைகளே. புதருக்குள் பாம்பு நகர்ந்தால் முதலில் பார்ப்பது அதுதான். அது கத்தினால் முயல் ஏன் என்று கேட்காது, ஓடிவிடும். அணில் திரும்பிப் பார்க்காது, மரம் ஏறிவிடும். பாம்பு போனபின் மைனா மெதுவாக ஒரு குரல் கொடுக்கும். உடனே எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். ஒரு நாளும் அது பொய்யாகக் கூப்பிட்டதில்லை.

இது நரிக்குத் தெரியும். பாறைக் குகையில் நரி ஒற்றையா இரட்டையா ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தது. பாதத்துக்கு அடியில் புளியங்கொட்டைகளை மூடி வைக்கும். ஒற்றையா இரட்டையா என்று சரியாகச் சொன்னால் வைத்த பழம் இரண்டாகத் திரும்பும். தப்பாகச் சொன்னால் பழம் குகைக்கு. என்ன மாயமோ, தப்பாகச் சொன்னவர்களே அதிகம்.

ஒரு நாள் நரி மரத்தடிக்கு வந்தது.

"மைனாத் தாயி, உன் பிள்ளைகள் அழுகிற சத்தம் என் குகைவரைக்கும் கேட்கிறது. மனசு தாங்கவில்லை. நீ ஆட வேண்டாம், நாலு பேரைக் கூப்பிட்டு வந்தால் போதும். தலைக்கு ஒரு பழம் அப்போதே தருகிறேன். அது வேண்டாமென்றால், நீ கூட்டி வந்தவர் தோற்கிறதில் பங்கு எடுத்துக்கொள். அவர் வருகிற காலமெல்லாம் உனக்கும் வந்துகொண்டே இருக்கும். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து வேண்டுமா? அதற்கும் நான் தயார்."

விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றது மைனா. அன்றைக்குக் குஞ்சுகளுக்குக் கிடைத்தது ஒரு காய்ந்த புழுதான். மைனா கண்ணை மூடிப் படைத்தவனை நினைத்துக்கொண்டது. பிறகு, நரியிடம் ஏற்கெனவே கூலிக்கு இருந்தவர்களைத் தேடிப் போனது.

காகம் தலைக்கு ஒரு பழம் வாங்கியது. தெரிந்தவர்களையெல்லாம் கூட்டிக் கொண்டுபோய் விட்டதாம். இனிக் கூட்டி வர ஆளில்லை, அதனால் பழமும் இல்லை. "என் தலையையும் ஒரு தலையாகச் சேர்த்துக்கொள் என்றேன் அக்கா, மாட்டேன் என்றுவிட்டான்" என்று அலுத்துக்கொண்டது.

கிளி, தான் கூட்டி வந்தவர்கள் தோற்பதில் பங்கு வாங்கியது. வாய் ஓயாத கிளி அன்றைக்கு இழுத்து இழுத்துப் பேசியது. முதலில் நிறையக் கிடைத்ததாம். பிறகு ஒரு நாள், அது கூட்டிப் போன குரங்கு பெரிதாக ஜெயித்துவிட்டது. நரி அதைக் கிளியின் கணக்கில் கழித்துவிட்டது. அந்தக் குறை தீரும்வரை கிளிக்கு ஒன்றும் இல்லை.

"அப்படியானால், குரங்கு தோற்க வேண்டும் என்றா தினமும் வேண்டிக்கொள்கிறாய்?" என்று மைனா கேட்டது.

கிளி தலையைத் தொங்கப்போட்டது. "குரங்கு என் கூட்டாளி, அக்கா."

திரும்பும் வழியில் அணில் உட்கார்ந்திருந்தது. கோடைக்கென்று சேர்த்து வைத்ததையெல்லாம் குகையில் விட்டுவிட்டது. ஒரே ஒரு பழம் மிச்சம். நாளைக்கு அதை வைத்து எல்லாவற்றையும் மீட்டுவிடுவேன் என்றது.

மைனா அங்கேயே முடிவு செய்துவிட்டது.

மறுநாள் காலை, குகைக்கு மேலே இருந்த பாறையில் உட்கார்ந்து மைனா மெதுவாக ஒரு குரல் கொடுத்தது. முயல் வந்தது, மான் வந்தது, குரங்கு வந்தது. மிச்சப் பழத்தை மார்போடு அணைத்தபடி அணிலும் வந்தது. இவ்வளவு கூட்டத்தைக் குகை வாசலில் கண்டதே இல்லை நரி. அதற்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தீர்களா, தாயியின் குரலை! சொல் தாயி, எந்தக் கூலி வேண்டும்? தலைக்கா, பங்கா?"

"பங்குதான். ஆனால் இவர்கள் தோற்பதில் வேண்டாம். ஜெயிப்பதில் பங்கு கொடு."

நரி வயிறு குலுங்கச் சிரித்தது. "பைத்தியமா உனக்கு? அதை நம்பி உட்கார்ந்தால் உன் குஞ்சுகள் பட்டினியில் செத்துப்போகும்."

சொன்ன பிறகுதான் நரி கூட்டத்தைப் பார்த்தது.

அணில் தன் பழத்தைப் பார்த்தது, நரியின் பாதத்தைப் பார்த்தது. பிறகு பழத்தை வாயில் கவ்விக்கொண்டு மரம் ஏறிவிட்டது. முயலும் மானும் வந்த வழியே திரும்பின. கிளி பறந்துபோய்க் குரங்கின் பக்கத்தில் உட்கார்ந்தது. குரங்கு நகர்ந்து இடம் விட்டது.

"உன் குஞ்சுகளுக்கு இப்போது என்ன கொடுப்பாய்?" என்று நரி பல்லைக் கடித்தது.

"தேடித்தான் கொடுப்பேன்" என்றது மைனா.

வற்றிய ஓடையைக் கடந்து காட்டெருமைக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அவற்றின் காலடியில் காய்ந்த புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் எழும்பின. மைனா புழுதியில் இறங்கி, அவற்றைக் கொத்திக்கொண்டே எருமைகளின் பின்னாலேயே நடந்தது. வெயில் ஏறியது, கால் சுட்டது. அது நிற்கவில்லை. பொழுது சாயும்போது பொந்துக்குள் ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டது.

நீதி: பிறர் இழந்தால்தான் நமக்குக் கிடைக்கும் என்றால், அந்தக் கூலி எந்த விதத்தில் வந்தாலும் வேண்டாம்.