மெஷின் வரைந்தது எது?

எங்கள் துறையில் ஒரு வேடிக்கை உண்டு. குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு அறுபது. குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார். யார் யாருக்கு எழுந்து நிற்பது என்பதில் முதல் வருஷம் முழுக்கக் குழப்பம்தான். கடைசியில் இரண்டு பேருமே எழுந்து நிற்பார்கள்.

குரு, பேராசிரியர் மெஹருன்னிசா. சீடர், தணிகாசலம் சார். வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைகளுக்குப் படம் போட்டவர். பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடியதும், சும்மா உட்காரப் பிடிக்காமல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிட்டார். செயற்கை நுண்ணறிவை ஓவியர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பது அவருடைய தலைப்பு. பக்கத்து மேஜை என்னுடையது. என் தலைப்பை யாரும் கேட்பதில்லை, விடுங்கள்.

அவருடைய ஆராய்ச்சி முறை எளிமையானது. ஓவியர்களிடம் சில படங்களைக் காட்டுவார். மனிதர் வரைந்தது எது, மெஷின் வரைந்தது எது என்று பிரிக்கச் சொல்வார். பிரித்ததும், ‘ஏன் அப்படிச் சொன்னீங்க?’ என்று கேட்க வேண்டும். அந்த ‘ஏன்’தான் ஆராய்ச்சியே என்று சொல்லிச் சொல்லி மேடம் எங்கள் காதைத் துளைத்திருந்தார்.

ஒருநாள் காலையில் தணிகாசலம் சார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். பையை இறக்கி வைக்கக்கூட இல்லை.

“மேடம், நான் படிப்பை விட்டுடறேன்.”

“உட்காருங்க சார். டீ சொல்லட்டுமா?”

“டீ வேணாம். இனிமே நான் படமும் வரையப் போறதில்ல.”

தட்டச்சு செய்துகொண்டிருந்த நான் நிறுத்திவிட்டேன். இந்த மனுஷர் போன் பேசும்போதுகூடப் பேப்பர் ஓரத்தில் ஏதாவது கிறுக்குகிறவர்.

“யார் என்ன சொன்னாங்க?”

“பெனிட்டா.”

பெனிட்டா குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிற பெண். சாரின் மகள் வயதுதான் இருக்கும். யாரையும் லேசில் பாராட்டாத தணிகாசலம் சாருக்கு, அவள் போடுகிற கோடு என்றால் உயிர்.

“எல்லாப் படத்தையும் சரியாப் பிரிச்சாங்க மேடம். ஒண்ணே ஒண்ணைத் தவிர. மனுஷன் வரைஞ்ச படத்தை எடுத்து, இது சந்தேகமே இல்லாம மெஷின்னு சொல்லிட்டாங்க.”

“தப்பாச் சொல்றது சகஜம்தானே சார்.”

“அது நான் வரைஞ்சது.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஆறுதலாவது ஒன்றாவது!

“ஆராய்ச்சிப் படங்களுக்கு நடுவுல யாராவது சொந்தப் படத்தைச் சொருகுவாங்களா சார்? என் கிளாஸ்ல உட்கார்ந்து என்னதான் கேட்டீங்க?”

“ஆசைதான் மேடம். என் பேர் தெரியாம யாராவது ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்ல மாட்டாங்களான்னு ஒரு நப்பாசை.”

எனக்குப் பாவமாக இருந்தது. மேடம் அசையவில்லை.

“சரி. ஏன்னு கேட்டீங்களா?”

“இல்ல மேடம்.”

“மத்த எல்லார்கிட்டயும் கேட்டீங்களே சார்.”

“எப்படிக் கேட்பேன் மேடம்? எல்லாத்தையும் வாரிப் பையில போட்டுக்கிட்டு ஓடி வந்துட்டேன்.”

“அப்போ பேட்டி பாதியில நிக்குது. முடிச்சிட்டு வாங்க. அப்புறமா விடறதை விடுங்க.”

“நீயும் கூட வாம்மா” என்று அவர் என்னைக் கெஞ்சினார். மறுநாள் கிளம்பினோம். பஸ் டிக்கெட்டில்கூட அவர் எதுவும் கிறுக்கவில்லை. அவரை அப்படிப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பெனிட்டா எங்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுத்து உட்காரவைத்தாள். அவர் அந்தப் படத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஜன்னலோரம் ஒரு பெண், வெளியே மழை. அழகான படம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை.

“அன்னிக்குக் கேட்க மறந்துட்டேன். இதை ஏன் மெஷின்னு சொன்னீங்க?”

“இதுவா?” அவள் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். “சாரல் கை மேல அடிக்குது, ஆனா கை நனையல சார். கம்பியப் பிடிச்சிருக்கா, விரல்ல இறுக்கமே இல்ல. யாருக்கோ காத்திருக்கா. யாருக்குன்னு அவளுக்கே தெரியாது போல. கச்சிதமா இருக்கு, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா இவ எந்தத் தெருவுல இருக்கா?”

தணிகாசலம் சாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“முப்பது வருஷம்மா! வாரா வாரம் வரைஞ்சு கொடுத்திருக்கேன். சரியில்லேன்னு ஒரு படம் திரும்பி வந்ததில்ல. வாசகருங்க இந்தப் பெண்ணை வெட்டிச் சுவர்ல ஒட்டி வெச்சாங்க, தெரியுமா?”

பெனிட்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயையோ! நீங்க வரைஞ்சதா சார்?”

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவள்தான் மெதுவாக ஆரம்பித்தாள்.

“மன்னிச்சிடுங்க சார். தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். ஆனா சொன்னது பொய்யில்ல.”

“நீ அந்த மெஷினைத் தொடறதே இல்லையா?” குரல் இன்னும் சூடாகத்தான் இருந்தது. ‘நீங்க’ போய் ‘நீ’ வந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

“தினமும் தொடறேனே. புதுக் கதை வந்தா முதல்ல அதுகிட்டதான் கேட்பேன். அது என்ன படம் தருதோ அதை நான் வரைய மாட்டேன்.”

“ஏன்?”

“அது எல்லாருக்கும் முதல்ல தோணுற படம் சார். அதைத் தள்ளி வெச்சிட்டாத்தான், கதையில வர்ற குழந்தை உண்மையில எங்க நிக்குதுன்னு நான் தேட ஆரம்பிப்பேன். சில நாள் அது கிடைக்காது. அழுகையா வரும்.”

தணிகாசலம் சார் ஜூஸைக் குடித்து முடித்தார். படத்தை மடக்காமல் பத்திரமாகப் பையில் வைத்தார். “வர்றேம்மா” என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அந்த வாரம் முழுக்க அவர் துறைக்கு வரவில்லை.

“போன் பண்ணிப் பாருங்களேன் மேடம்” என்று இரண்டு தடவை சொன்னேன்.

“பேட்டியை முடிச்சாரில்ல? விடு, வருவார்” என்றார் மேடம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்படி இருக்க இவருக்கெல்லாம் எப்படி மனசு வருகிறது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் சார் வந்தார். தாடி மழிக்காமல், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு. மேடம் எழுந்து நின்றார். அவரோ நிற்காமலே உட்கார்ந்துவிட்டார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“அந்தப் படத்தை ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடறேன் மேடம்.”

“படத்தை எடுங்க. ஏன் எடுத்தீங்கன்னு ஒளிக்காம எழுதுங்க.”

“எழுதறேன்.” அவர் இழுத்தார். “ஒரு சந்தேகம். ஓவியருங்களை மூணாப் பிரிச்சு வெச்சிருக்கேன். பயந்தவங்க, ஏத்துக்கிட்டவங்க, ஒதுக்கினவங்க. பெனிட்டா எதுலயும் அடங்க மாட்டேங்கிறா. என்னையும் எதுல சேர்க்கிறதுன்னு தெரியல.”

“இத்தனை நாளா வீட்டுல என்ன பண்ணீங்க?”

“வரைஞ்சேன்.”

எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

“என்ன வரைஞ்சீங்க?”

“என் வீட்டுக்காரி ஜன்னல் கம்பியில ஈரத்துணி போடறதை. அவ கையை. தினமும் பார்க்கிற கைதான் மேடம், ஆனா பிடிபட மாட்டேங்குது. போட்டுப் போட்டுக் கிழிச்சேன். அவளே, என் கையை விட்டுடுங்கன்னு கத்தறா.” அவர் தன் கையை விரித்துப் பார்த்தார். “ஒண்ணுகூடச் சரியா வரல. எனக்குக் கை போயிடுச்சு மேடம்.”

மேடம் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் தடவையாகச் சிரித்தார்.

“சார், ஒரு படம் உங்களுக்குச் சரியா வராமப் போய் எத்தனை வருஷம் இருக்கும்?”

தணிகாசலம் சார் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். முப்பதைத் தாண்டினார். எண்ணிக்கொண்டே இருந்தார்.