மினுக்கி துடைக்க விடாத பொட்டு

ஒரு முழங்கால்ல ஒரு வீடு இருந்துச்சாம். சிரிக்காதடி பூவிழி, முழங்கால்லதான். அதுவும் கைய விட்டுட்டு சைக்கிள் ஓட்டி தொபுக்கடீர்னு விழுந்த ஒரு மகாராணியோட முழங்கால்ல. யாருன்னு அத்தை சொல்ல மாட்டேன். ம் கொட்டு.

அந்த வீட்டுக்குப் பேரு வெள்ளையணு. கண்ணுக்கே தெரியாத குட்டி வீடு. உள்ள மூணு பேரு. வாசல்ல அஞ்சலை, நடுவுல ஓட்டக்கார முனியன், உள்ளறையில சமையலுக்கு மினுக்கி. கிருமி வந்தா அஞ்சலை முனியன் நெத்தியில மைப்பொட்டு வைப்பா. அவன் குடுகுடுன்னு ஓடி மினுக்கிக்கு வைப்பான். பொட்டு வச்சாத்தான் அவ அடுப்பப் பத்தவைப்பா. மிளகா வறுப்பா. அந்த நெடி போற இடமெல்லாம் இருக்குற மத்த வெள்ளையணுங்க, "கூப்புடுறாங்கடோய்!"னு ஓடி வரும்.

அப்போ, மண்ணோட மண்ணா ஒரு கிருமி உள்ள வந்துச்சு. அஞ்சலை தடவிப் பாத்தா, சொரசொரன்னுச்சு. "ஐயோ, நம்மாளு இல்ல!" உடனே பொட்டு, ஓட்டம், பொட்டு. மினுக்கி சடசடன்னு வறுத்தா. வந்தவங்க லபக் லபக்னு கிருமியெல்லாம் தின்னு தீத்துட்டாங்க. ம்?

அப்புறம் துடைப்பாயின்னு ஒருத்தி ஈரத்துணியோட வந்தா. பொட்டத் துடைச்சாத்தான் அடுப்பு அணையும். முனியன் நெத்தியக் காட்டிட்டான். மினுக்கி காட்டணுமே!

"இப்பத்தான வச்சது? அழகா இருக்கு, போ"ன்னா. ரெண்டாந்தடவை, "ஈரம் பட்டா சளி பிடிக்கும்"னா. இந்த சாக்கு எங்கயோ கேட்ட மாதிரி இல்ல? மூணாந்தடவை கதவையே சாத்திக்கிட்டா.

அடுப்பு எரியுது, நெடி போகுது, ஆளுங்க வந்துகிட்டே இருக்காங்க. முழங்கால் பூரி மாதிரி உப்பிருச்சு. உடம்பெல்லாம் கொதிக்குது. மகாராணி அனத்துறா.

அப்போ அஞ்சலை கத்துனா: "மினுக்கி! தின்னக் கிருமி இல்லாம நம்ம சுவரையே கடிக்கிறாங்கடி!"

மினுக்கி எட்டிப் பாத்தா. சுவரு பொலபொலன்னு உதிருது. அஞ்சலை கையெல்லாம் காயம். "நான் வறுத்த நெடிக்கா இவ்வளவும்?"னு விசும்பி விசும்பி அழுதா. பாவம்டி, அவ கெட்டவ இல்ல. பொட்டு மேல கொஞ்சம் ஆசை, அவ்வளவுதான். தானே கதவத் திறந்து துடைப்பாயிகிட்ட நெத்திய நீட்டுனா. அடுப்பு புஸ்ஸுனு அணைஞ்சுது. வந்தவங்க ஒவ்வொருத்தரா கலைஞ்சாங்க.

மகாராணிக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னா கேக்குற? எனக்கென்ன தெரியும்? அவதான் மைப்பொட்டு கலைஞ்சிரும்னு, சாயங்காலத்துலேருந்து மூணு தடவை நான் நெத்தியில போட வந்த ஈரத்துணியத் தட்டிவிட்டுட்டாளே!

அட... நீயே நெத்திய நீட்டுறியா? என் தங்கம். ம்... அப்படித்தான்.

பொட்டும் போச்சு, அடுப்பும் ஆறிப்போச்சு. மகாராணி கண்ண மூடு.